அவிசாவளையில் இறங்கியவர்கள்

அமெரிக்கா இலங்கைச் சாமான்களுக்கு இறக்குமதி வரியைக் கூட்டிய செய்தியை ஹில்டா டிவியில் பார்த்தபோது, தனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தாள். அவிசாவளைப் பக்கம் ஒரு டயர் ஃபெக்டரியில் அவளுக்கு வேலை. கிடங்குகளில் சாமான் தூக்கும் வண்டிகளுக்கான டயர் அது. பெரும்பாலும் அமெரிக்காவுக்கே போகும். கொஞ்ச நாளில் அங்கிருந்து வந்த ஓடர்கள் நின்றன. "கூப்பிடுகிறோம்" என்று சொல்லி அவளுடைய பகுதியில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஃபெக்டரி ரப்பர் வாங்குவதைக் குறைக்கவும், தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அவள் புருஷன் ரெஜினோல்டுக்கும் வேலைநாள் குறைந்தது.

"ஒங்க வேலையாவது நிலைக்கும்னு நெனச்சேன்," என்றாள் ஹில்டா.

"நான் வெட்டுற பால்தானே நீ செய்ற டயரு. அங்க வேணாம்னா இங்க மரத்தைத் தொட ஆளு தேவையில்ல."

வேறு வழி தெரியாமல் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக ஒரு ஏஜென்சியில் பதிந்தாள். மெடிக்கலும் முடிந்தது. கொழும்புக்குப் போய்க் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. ரெஜினோல்ட் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. குழந்தை மெரினாவை தூக்கிக்கொண்டு அவளோடு அவிசாவளை பஸ் ஏறினான். அங்கே இறங்கிக் கொழும்பு பஸ்ஸுக்கு மாற வேண்டும்.

பாதி வழியில் ஃபோன் அடித்தது. ஃபெக்டரி சூப்பர்வைசர் சுமனா சிங்களத்தில் படபடத்தாள்.

"அனே ஹில்டா, வரியைக் குறைச்சிட்டாங்களாம்! நிறுத்தின ஓடர் திரும்பி வந்திருச்சு. திங்கக்கிழமை வந்துரு."

ஹில்டா ஃபோனை வைத்ததுமே புருஷனிடம் சொன்னாள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பஸ் எங்கயாச்சும் பழுதாகி நிக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டே வந்தேன்."

"ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டு, புள்ளைக்கு என்னத்தக் குடுப்பேன்?"

அவிசாவளையில் இறங்கினார்கள். எதிரே கொழும்பு பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஹில்டா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏஜென்சிக்கு ஃபோன் போட்டாள்.

"நான் வரல்லீங்க. மன்னிச்சிக்குங்க."

மறுமுனையில் அந்த ஆள் கத்தித் தீர்த்தான். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பக்கத்துக் கடையில் ரொட்டியும் சம்பலும் வாங்கி உட்கார்ந்தபோது மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"மறுபடி கூட்டினா?"

"நம்மளக் கேட்டா கூட்டுனாங்க? நீ மொதல்ல சாப்பிடு."

சாப்பிட்டாள். பல நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது. இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கினாள்.