மடியில் விரித்த கைக்குட்டை

"ரைட்... ரைட்... வரலாம், வரலாம்... இன்னும் வரலாம்... ஹோல்டான்!"

அவள் ஹோல்டான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முதுகு ஃபிரிட்ஜில் மோதிவிட்டது. மேலே இருந்த மாத்திரை டப்பா விழுந்து அடுப்படி வரைக்கும் உருண்டோடியது. கையைக் கோத்தபடியே இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பை அடக்கப் போனால் இன்னும் அதிகமாகப் பொத்துக்கொண்டு வந்தது.

"வாழ்நாள் பூரா பஸ் ஓட்டின மனுஷன். கண்டக்டர் விசில் இல்லாம ஒரு நாளாவது வண்டியப் பின்னால எடுத்திருக்கீங்களா? இந்த வயசுல ரிவர்ஸ் கேக்குதாக்கும்."

"கண்டக்டர் சரியில்லம்மா. வண்டி இடிச்சப்புறம் ஹோல்டான் சொன்னா டிரைவர் என்ன பண்ணுவான்?"

அவள் குனிந்து டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சத்தத்தை வைத்தே எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

"மத்தியானத்துது போட்டாச்சா?"

"போட்டாச்சு நர்ஸம்மா. இன்னொரு தரம் வா. கூட்டத்துல என்னைய எங்கயும் கொண்டுபோய் இடிச்சிராத."

அன்று சாயங்காலம் நடன மன்றத்தின் ஆண்டு விழா. கட்டில் கடைக்கு மேல்மாடியில் வாரம் ஒரு நாள் கூடி, ஜோடி ஜோடியாகக் கைகோத்து ஆடுகிற மன்றம் அது. ஆண்டு விழாவிலாவது அவள் வந்து தன்னோடு ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும் என்று வருஷம் பூராவும் கெஞ்சிக்கொண்டிருந்தார். போன வாரம்தான் அவள் வாயிலிருந்து சரி என்ற சொல் வந்தது. அன்றிலிருந்து மனுஷனுக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை.

மன்றத்தில் சேரலாம் என்று அவர் முதன்முதல் கூப்பிட்ட அன்று அவள் வாய்க்கு வந்த காரணத்தையெல்லாம் அடுக்கினாள். முழங்கால் வலி. பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள். ஆஸ்பத்திரிப் படியில் விழுந்ததிலிருந்து பின்னால் ஓர் அடி வைத்தாலே தலை சுற்றுகிறது. சாயங்காலம் துணி மடிக்க யார் இருக்கிறார்கள்? போட்டுக்கொள்ளச் செருப்பு இல்லை. அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுத் தனியாகவே போய்ச் சேர்ந்தார்.

முதல் நாள் திரும்பி வந்தவர் அசடு வழிந்தார். "ஆம்பளைங்க ஒரு வரிசை, பொம்பளைங்க ஒரு வரிசையாம். நான் தெரியாம பொம்பளைங்க வரிசையில நின்னுட்டேன்."

"அடுத்த வாரம் மாறி நில்லுங்க."

"பழகிருச்சும்மா. விடு."

அவர் வரிசை மாறவே இல்லை. ஆண்கள் முன்னால் அடியெடுத்து வைத்து நடத்த, பெண்கள் பின்னால் அடிவைத்துப் போவதுதான் அந்த ஆட்டம். இவர் மட்டும் பெண்களுக்குரிய அடிகளைப் படித்தார். மன்றத்தில் 'ரிவர்ஸ் அண்ணன்' என்று பெயர் விழுந்தது. மழைக்காலத்தில் மாடி ஒழுகியது; வாளிகளை வைத்துவிட்டு வாளிகளுக்கு நடுவிலேயே ஆடினார்களாம். இவர் பின்னாலேயே போய் ஒரு வாளிக்குள் காலை விட்டுவிட்டு, நனைந்த காலோடு வீடு வந்து, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வெயில் காலத்தில் மின்விசிறி நின்றுபோனது. சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

"நாலு விதமா பவுடர் வாசனை அடிக்குது உங்க மேல" என்பாள் இவள்.

"அஞ்சு. ஒண்ணு எங்க மன்றத்துத் தையல்காரரோடது."

மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது வந்து கை நீட்டினால் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. களைத்துப்போனவர்கள் மடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அவர்களை யாரும் கூப்பிடமாட்டார்கள், ஏன் என்றும் கேட்கமாட்டார்கள். அவள் ஒவ்வொரு வாரமும் கைக்குட்டையை இஸ்திரி போட்டு மடித்து அவர் பையில் வைப்பாள். திரும்பி வந்ததும் அவர் முதல் வேலையாக அதை எடுத்துக் காட்டுவார். "பாரு, மடிப்புக் கலையல!" பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம் இருக்கும் அவருக்கு.

மாடிப்படி ஏறும்போதே பாட்டுச் சத்தம் காலில் அதிர்ந்தது. உள்ளே வண்ண விளக்குகள், காகித மாலைகள். ஒரு மேஜை நிறையக் கேக். ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவள் காலையில் நீச்சலும் சொல்லிக்கொடுப்பவள். அவளை எல்லாரும் நீச்சல் டீச்சர் என்றார்கள். அவள் சிவப்பு உடையில் ஓடிவந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களாக்கா! ரிவர்ஸ் அண்ணன் வருஷம் பூரா வர்றா வர்றான்னு சொல்லி, நாங்க நம்பாமலே போயிட்டோம். அப்படி ஒரு ஆளே இல்லைன்னு தையல்காரர் பந்தயமே கட்டினாரு."

"தோத்துட்டேன் அண்ணி" என்று தையல்காரர் தலைவணங்கினார். அவரே தைத்த கோட்டில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.

பாட்டு தொடங்கியது. அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. முதன்முதலாக ஊசி போடப் போன அன்றுகூட இப்படி அடித்ததில்லை. அவர் கண்ணை மூடித் திறந்து ஜாடை காட்டினார். அவள் முன்னால் ஓர் அடி வைத்தாள். அவர் பின்னால் போனார். இன்னொன்று வைத்தாள். "ரைட்" என்றாள் மெதுவாக. "வரலாம்... வரலாம்..." தலை சுற்றவில்லை. முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. எதிரே வந்தவர்களெல்லாம் விலகி வழிவிட்டார்கள். அந்தப் பெரிய அறையை ஒரு முழுச் சுற்று சுற்றினார்கள், யார் மேலும் இடிக்கவில்லை. பாட்டு முடிகிற இடத்தில் அவள் "ஹோல்டான்!" என்று கத்தியேவிட்டாள். வண்டி சரியாக நின்றது. அறையே கைதட்டியது.

"இன்னொண்ணு!" என்றாள் அவள். தன் குரலா அது என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொன்றும் ஆடினார்கள். அது முடிந்ததும் அவர் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தார்.

"ஒரு பாட்டு உக்கார்றேன். நீ ஆடு."

"மூச்சு வாங்குதா?" அவள் கை தானாக அவர் மணிக்கட்டைத் தேடிப் போனது.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "இங்கயும் நாடி பாக்கணுமா? சந்தோஷத்துல வாங்குது. போம்மா, நீ எறங்கி நின்னா மறுபடி ஏறமாட்ட." பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மடியில் விரித்துக்கொண்டார். "பாரு, வருஷக் கடைசியில கலைச்சிட்டேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தையல்காரரின் கை முன்னால் நீண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்லக்கூடாதே.

தையல்காரருக்கும் முன்னால் போகத்தான் தெரியும், அவளுக்கும் முன்னால் போகத்தான் தெரியும். நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். அடுத்த பாட்டுக்கு நீச்சல் டீச்சர் வந்து அவளை மீட்டாள். பிறகு சிரித்த முகத்தோடு யார் யாரோ வந்து கை நீட்டினார்கள். ஜன்னலைக் கடக்கும் போதெல்லாம் அவள் எட்டிப் பார்த்தாள். அவர் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். மடியில் வெள்ளையாகக் கைக்குட்டை. பக்கத்தில் ஆடிப் போனவர்கள், "ரிவர்ஸ் அண்ணன் பிரேக் போட்டுட்டாருப்பா!" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நீச்சல் டீச்சர் மறுபடி வந்து கை கோத்தாள். "நல்லா நடத்துறீங்கக்கா. அண்ணன் பட்ட பாடு வீண் போகல."

"என்ன பாடு? தெரியாம வரிசை மாறி நின்ன பாடா?"

டீச்சர் ஆடிக்கொண்டே அவளைப் பார்த்தாள். "தெரியாமலா? ரெண்டாவது வாரமே நான் கையப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுத்தேன். வரமாட்டேனுட்டாரு. 'என் வீட்டுக்காரிக்குப் பின்னால அடி வெச்சா தலை சுத்தும். அவ வர்றப்ப முன்னால நடக்கட்டும், பின்னால போறத நான் கத்துக்கறேன்'னாரு. உங்ககிட்டச் சொல்லலையா?"

அவள் கால் ஓர் அடி தப்பியது. டீச்சர் தாங்கிப் பிடித்தாள்.

அடுக்கிய காரணங்களில் ஒன்று அது. சொன்னவளுக்கே மறந்துபோயிருந்தது.

பாட்டு முடியும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. இரு, உனக்கு இருக்கு என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே, ஒரு கிளாஸில் எலுமிச்சைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஆடுகிறவர்களை இடித்துத் தள்ளி ஜன்னலுக்குப் போனாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, வருஷம் பூரா அத்தனை பேரும் கேலி பண்ணினாங்களே, நானும் சேந்துதானே பண்ணினேன். வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்திரும்?"

அவர் கண் திறக்கவில்லை. தூக்கம்தான் என்று தோளைத் தட்டினாள். பிறகு, இந்தத் தடவை யாரும் இழுத்துக்கொள்ளாத மணிக்கட்டில் அவள் விரல்கள் போய் உட்கார்ந்தன.

விரல்களுக்குத் தெரிந்த வேலை அது. இனி ஓடிப்போய் யாரைக் கூப்பிட்டும் பயனில்லை என்பதும் அவற்றுக்குத் தெரிந்தது. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். சரிந்திருந்த அவர் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தாள். பக்கத்து நாற்காலியை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசிப் பாட்டு! எல்லாரும் வாங்க, எல்லாரும்!" நீச்சல் டீச்சரின் குரல் கணீரென்று கேட்டது. பாட்டு வேகமெடுத்தது. தரை அதிர்ந்ததில் கிளாஸில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

தையல்காரர் வியர்த்து வழிந்தபடி வந்து கை நீட்டினார். "அண்ணி, வாங்க! இந்தத் தடவை முட்டமாட்டேன், சத்தியமா!"

அவள் நீட்டிய கையைப் பார்த்தாள். அவர் மடியிலிருந்த கைக்குட்டையின் ஓர் ஓரத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்து, தன் முழங்காலையும் சேர்த்து மூடினாள். இஸ்திரி மடிப்பின் கோடுகள் இன்னும் அழியவில்லை. உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

தையல்காரர் ஒன்றும் கேட்கவில்லை. இருவரையும் பார்த்துச் சிரித்துத் தலைவணங்கிவிட்டு, ஆடுகிற கூட்டத்துக்குள் போனார்.