மரியானின் சீக்ரெட் செல்லாது

உலகத் தமிழ் மக்களுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு. மன்னார் வளைகுடாவின் நெடிய வரலாற்றில் முதன்முறையாக, தூத்துக்குடிப் படகுக்காரர் ஒருவரை நம்ப இயலாது என்று ஒரு வரைபடம் தீர்ப்பளித்திருக்கிறது. அனைவரும் எழுந்து நிற்கவும்.

உட்காரலாம். கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படகுக்காரர் மரியான் என்னிடம் கேட்டது கதை அல்ல, மனு. "அண்ணாச்சி, அந்த மேப்பு கம்பெனிக்காரன் வாசிச்சிட்டு நாண்டுக்கிட்டு நிக்கணும். அப்படி எழுதுங்க." கம்பெனி எந்த நாட்டில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முகவரி இல்லாத மனுவைக் கதை என்று சொல்லி அச்சில் ஏற்றிவிடலாம்.

1

முத்துக் குளித்த திருக்கடலில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி

(நிறுத்திவிட்டேன். தூத்துக்குடி என்றால் முத்து வந்தாக வேண்டும். வந்துவிட்டது. மேலே போகலாம்.)

2

படகு உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட். மீன் வாங்க வருகிறவர்கள் வழி தெரியாமல் அலையாதிருக்க அதில் ஒரு மேப். செய்து தருபவள் மரியானின் அக்கா மகள் ஜெப்ஸி, சென்னையில் வேலை.

மேப் சும்மா வராது. கேட்பது யார் என்று அதற்குத் தெரிய வேண்டும். அதற்காகக் கம்பெனி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் ஐடியும், 'சீக்ரெட்' என்ற பெயரில் வாயில் நுழையாத எழுத்துவரிசை ஒன்றும் அனுப்பும். சங்கச் செயலாளர் என்ற முறையில் இரண்டும் மரியானின் மெயிலில் வந்து கிடந்தன. மரியான் மெயில் பார்ப்பதில்லை.

ஜெப்ஸி போனில் சொன்னாள்:

"மாமா, ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். முதல் கட்டத்துல ஐடி போடுங்க, அடுத்ததுல சீக்ரெட். அவ்வளவுதான்."

"சீக்ரெட்டா? என்ன சீக்ரெட்டு?"

"உங்க சீக்ரெட்தான். யாருக்கும் காட்டிராதீங்க."

"மேப்புக்கு எதுக்குளா என் சீக்ரெட்டு?"

"அப்பதான மாமா அது உங்கள நம்பும்! எனக்கு மீட்டிங், வைக்கேன்."

3

[இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா? விசாரித்தேன். தன் வள்ளத்தின் பெயரைத்தான் மெயிலுக்குப் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார். அந்தப் பெயர் வள்ளத்தின் இரண்டு பக்கமும் ஓரடி உயரத்தில் எழுதியிருக்கிறது. சந்தேகம் தீர்ந்தது.]

ஐடிக்கு வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டார். சீக்ரெட்டுக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று: கடலடியில் மீன் அடையும் ஒரு பாறைத் திட்டு. அதை அவர் 'எம் பாரு' என்பார். அந்த இடம் மனைவி கிளாடிஸுக்கும் தெரியாது. யாரும் பின்னால் வந்துவிடக் கூடாது என்று, தினமும் வடக்கே போவதுபோல் போய், ஒரு பெரிய சுற்றுச் சுற்றித்தான் அங்கே சேருவார். இடம் வெளியே தெரிந்துபோனால் பிழைப்பே போய்விடும்.

சிலுவை போட்டுக்கொண்டு தட்டினார்: 'மாதா கோயில் கோபுரமும் [நீக்கியிருக்கிறேன்] புகைபோக்கியும் ஒரே கோட்டில் வரும் இடம்.'

செல்லாது என்றது மேப்.

"எம் பாரு செல்லாதுங்கானா?" ஆழத்தைச் சேர்த்தார்: எட்டுப் பாகம். செல்லாது. அங்கே கிடைக்கும் மீனைச் சேர்த்தார்: விளமீன். செல்லாது. 'மாதா மேல் ஆணை' என்று முடித்தார். செல்லாது.

ஜெப்ஸி மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. எது தப்பாகப் போட்டாலும் வெப்சைட்டின் முகப்பிலேயே காட்டும்படி, சோதனைக்காக வைத்திருந்தாள். மேப் எப்போது வரும் என்று சங்கமே அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

4

கரையில் இன்பமணி பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஒரு வள்ளம் உண்டு.

"ஏலே மரியான், இதுவாலே ஒன் சீக்ரெட்டு?"

மரியான் குனிந்து வள்ளத்தின் கயிற்றைக் கட்டினார்.

"நாங்க எல்லாரும் அங்கனதாம்ல தூண்டில் போடுதோம்! நீ வடக்க சுத்திட்டு வாரதுக்குள்ள மீனப் புடிச்சிட்டு வந்துருவோம். தங்கமான மனுசன், நமக்கு நேரம் விட்டுத் தாரான்னு பேசிக்கிடுவோம்."

மனு எழுத முடியாமல் போனது இதனால்தான். மேப் சொன்னது சரி.

5

நேற்று மரியான் வந்தார். "மனு வேண்டாம் அண்ணாச்சி. கதையில மட்டும் அவனுவளுக்குத் தெரியாதுன்னு போட்டிருங்க."

ஆகவே, முதல் முடிவு: யாருக்கும் தெரியாது. நான்காம் பகுதியை நீங்கள் படிக்கவே இல்லை.

இரண்டாவது: மரியான் நேரே போகிறார். எல்லா வள்ளமும் அங்கே நிற்கிறது. ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது: ஜெப்ஸி மெயிலைத் திறந்து சரியான சீக்ரெட்டைப் போடுகிறாள். மேப் விரிகிறது. அதில் மரியானின் 'பாரு' ஏற்கெனவே இருக்கிறது, நான்கு நட்சத்திரத்துடன். 'மீன் நன்று, கூட்டம் அதிகம்' என்று யாரோ

(இது இன்பமணி வேலையாக இருக்கும்.)

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்டிவிடாதீர்கள்.

மரியான் இன்றும் வடக்கே சுற்றித்தான் போனார்.