மாப்பிள்ளை கூட்டிப்போன கோயில்

தையற்காரம்மாவின் மகள் காய்ச்சலில் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவள். எப்போதோ ராஜாக்களின் தலைநகராக இருந்து, இப்போது பஸ்கூட நிற்காத இடிந்த ஊர் ஒன்றுக்கு வருஷம் தவறாமல் பிள்ளைகளை அழைத்துப் போவாள். "ஒரு தடவை வாம்மா" என்று அம்மாவையும் நச்சரிப்பாள். தலைக்கு மேல் வேலை கிடந்ததில் அம்மாவுக்கு வாய்க்கவேயில்லை.

அதனால், "அங்கே போயிட்டு வரலாமா, அத்தை?" என்று மாப்பிள்ளை கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. அவர் மோட்டார் மெக்கானிக். ஞாயிறானால் வந்து மருந்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, வாய் ஓயாமல் பேசிவிட்டுப் போவார். அன்று வண்டியில் வழி நெடுக வாயே திறக்கவில்லை.

அங்கே வீடுகள் இல்லை, வாசற்படிகள் மட்டும் இருந்தன. கோயில் சுவரை மரவேர்கள் கவ்விப் பிடித்திருந்தன. கருவறைக்குள் வௌவால் நாற்றம். பழக்க தோஷத்தில் கை கூப்பிய பிறகுதான், பீடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள்.

"சாமி எங்கேப்பா?" என்று வாசலில் நின்ற காவலாளியைக் கேட்டாள்.

"ஆறு திசை மாறிடுச்சும்மா. தண்ணி இல்லாம ராஜா ஊரைக் காலி பண்ணப்ப சாமியையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு" என்றான் அவன். "எந்த ஊருக்குன்னு தெரியல. காவல் காக்க ஒண்ணுமில்ல, ஆனா சம்பளம் குடுக்கறாங்க."

அவன் நகர்ந்ததும், விழுந்து கிடந்த தூண்மேல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அத்தை, ஒரு விஷயம்..."

"பொண்ணு யாரு?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ரொம்ப நாளா சொல்ல வந்து சொல்லாம போறீங்க. ஊசியில நூல் கோக்கற கண்ணு மாப்பிள்ளை, எனக்கு இது தெரியாதா?"

"பார்ட்ஸ் கடையில இருக்காங்க. புருஷன் இல்ல. ஒரு சின்னப் பொண்ணு இருக்கு."

"இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமே. என்னை எதுக்கு இங்கே இழுத்துட்டு வந்தீங்க?"

"அங்கே அவ படத்துக்கு முன்னாடி நாக்கு எழும்பல. இங்கே சொல்லிடலாம்னு நெனச்சேன். இங்கேயும் அவதான் நிக்கறா, அத்தை."

அவள் சுவரைத் தொட்டபடி பிரகாரத்தைச் சுற்றி நடந்தாள். பின்பக்கம் ஆள் அரவமில்லாத இடத்தில் வாய்விட்டு அழுதாள். இந்தக் கல்லைத்தானே மகள் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பாள்? முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் இருந்தார். கொண்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படவில்லை.

"கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"நான் வர்றது நிக்காது, அத்தை."

"கொறையும். அது தப்பில்ல. இப்ப சாப்பிடுங்க."

கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. மறுமாதம் புதுப்பெண்ணே தேடி வந்தாள். கூடவே அவளுடைய மகளும். "உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல" என்று நிலைப்படிக்கு வெளியே தயங்கி நின்றாள்.

தையற்காரம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"முதல்ல உள்ளே வா" என்றாள்.