மக்கள் வாசல்

குர்ஷித் பேகத்துக்குச் சர்க்கரை இருநூற்றெண்பது. "தினம் ஒரு மணி நேரம் நடங்க. இல்லாட்டி ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றால் அவளுக்குக் குலை நடுங்கும். அதனால் நடந்தாள். கொல்லைக் கதவைத் திறந்தால் இருபது தப்படியில் ஆற்றங்கரை. வருஷத்தில் பத்து நாள்தான் அது ஆறு; மீதி நாளெல்லாம் வேலிகாத்தான் முள்ளும் பிளாஸ்டிக் பையும். ஆனாலும் கரைமேல் ஒற்றையடிப் பாதை இருந்தது. மூன்று வருஷம் நடந்ததில் சர்க்கரை நூற்றைம்பதுக்கு இறங்கியது.

அந்தக் கரையை, ஊர்க்காரர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்து, மக்கள் பங்கேற்புடன் பூங்காவாக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். சுற்றிலும் சுவர். வாசல் ஒன்றே ஒன்று, மெயின் ரோட்டில். அங்கே நடைபாதை கிடையாது; லாரி உரசிக்கொண்டு போகும்.

"அந்த ரோட்டுல நடந்தா சர்க்கரை நிச்சயம் போயிடும்ங்க. கூடவே நானும் போயிடுவேன்" என்றாள் குர்ஷித் பேகம்.

எதிர்வீட்டு ஷேர் ஆட்டோ செழியன்தான் அவள் கணவர் நசீர் அகமதுக்கு வழி சொன்னான். "பாய், நீங்க அந்தக் குழுவுல பூந்துடுங்க. ஆபீசருங்க அத்தினி பேரும் உங்க கண்ணாடியிலதான் உலகத்தையே பாக்குறாங்க. நம்ம சந்துப் பக்கம் ஒரு சின்ன கேட்டு கேளுங்க, போதும்."

நசீர் அகமது தேரடித் தெருவில் முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கேட்டதும் சேர்த்துக்கொண்டார்கள். பொதுமக்கள் பிரதிநிதி என்று ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். ஒரு வாரம் அந்த அட்டையோடுதான் கடை திறந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கும் அதோடு கிளம்பியவரைக் குர்ஷித் பேகம்தான் நிறுத்தினாள்.

"அல்லாவுக்கு உங்கள அட்டை இல்லாமலே தெரியும். கழட்டி வைங்க."

குழுவின் முதல் இரண்டு கூட்டம் குழுவுக்குப் பெயர் வைப்பதில் போயிற்று. ஒருங்கிணைப்பாளர் ராமகிருஷ்ணன், ரிட்டயர்டு இன்ஜினியர். பணியில் இருந்தபோது கட்டிய பாலங்களைவிட ஓய்வு பெற்றபின் வாங்கிய சால்வைகள் ஜாஸ்தி. கூட்டம் தொடங்கும்முன் ஒரு நோட்டு சுற்றி வரும். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்துக்கு மேலே முக்கால் பக்கம் வெள்ளையாகக் கிடக்கும்.

"இதுல என்னா வரும் சார்?" என்று முதல் நாள் கேட்டார் நசீர் அகமது.

"தீர்மானம் பாய். அப்புறமா அழகா எழுதிக்கலாம். டீ ஆறுது பாருங்க."

டீ ஆறிக்கொண்டுதான் இருந்தது. போட்டுவிட்டார்.

மூன்றாவது கூட்டத்தில் எழுந்து சந்துப் பக்கம் ஒரு வாசல் வேண்டும் என்றார். திட்டத்துக்காகச் சென்னையிலிருந்து வரும் ஆலோசகர் ரேவதி துள்ளி எழுந்தார். "சூப்பர் சார்! இந்த மக்கள் குரலத்தான் தேடிட்டிருந்தோம்!" மஞ்சள் தாளில் 'வாசல்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நசீர் அகமதுக்குச் சால்வை போர்த்தினார்கள். அடுத்த ஐந்து கூட்டங்களிலும் அந்த மஞ்சள் தாள் வந்து ஒட்டிக்கொண்டது. ஆறாவதில் பசை காய்ந்து கீழே விழுந்தது.

அதே வாரம் சந்துக்குப் பின்னால் சுவர் எழும்பியது. எட்டடி. ஒரு பூனை நுழையச் சந்து இல்லை.

நசீர் அகமது ராமகிருஷ்ணன் வீட்டுக்கு ஓடினார். அவர் நிதானமாக நோட்டைப் பிரித்துக் காட்டினார். தீர்மானம் ஏழு: பாதுகாப்பு கருதி, குடியிருப்புப் பக்கம் திறப்பு ஏதுமின்றிச் சுவர் எழுப்ப ஏகமனதாக முடிவு. முன்மொழிந்தவர்: நசீர் அகமது. கீழே அவர் கையெழுத்து, புள்ளி வைத்து, அழகாக. ஊரில் பாதிப் பேரைப் பொடி எழுத்துப் படிக்க வைத்தவர் தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். எழுத்து மாறவில்லை.

"நான் எப்ப சார் இத முன்மொழிஞ்சேன்?"

"அந்தப் பக்கத்து ஆளு நீங்கதான பாய்? ஒரு மரியாதைக்குப் போட்டது. என் பேரக்கூடப் போட்டுக்கல, பாருங்க."

திங்கட்கிழமை வேங்கிக்கால் போய்க் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தார். ரசீது கொடுத்தார்கள். இருபதாம் நாள் பதில் வந்தது: மனு, கருத்துக்காகப் பூங்காக் குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. குழு கூடியது. நோட்டு சுற்றி வந்தது. இந்த முறை அவர் தொடவில்லை. வராதவர்கள் ஒருவர் என்று குறித்துக்கொண்டு, மனுவை நிராகரிக்கலாம் என்று அவர் கண்ணெதிரிலேயே கருத்து எழுதினார்கள்.

ரேவதிக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "உங்க ஐடியாவ நாங்க விடல சார்" என்று போன் செய்தார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டு ஓவியர்கள் நாலு பேர் வந்து, சந்துப் பக்கச் சுவரில் ஒரு வாசல் வரைந்தார்கள். பத்தடி அகலம். திறந்த கதவு, உள்ளே பாதை, கடைசியில் நீலமாக ஓடுகிற ஆறு, அதில் அன்னம். மேலே 'மக்கள் வாசல்' என்று எழுதி, யோசனை வழங்கியவர் என்று நசீர் அகமது பெயரையும் போட்டார்கள். ராமகிருஷ்ணன் ரிப்பன் வெட்டினார்.

"இன்னா பாய், கேட்டு சோக்கா கீது" என்றான் செழியன். "எம் பொண்ணு சைக்கிளோட உள்ள போகப் பாத்து மூக்க உடைச்சிக்கினா."

அதற்குப்பின் சந்தில் யாரும் அவரை எதற்கும் கூப்பிடவில்லை.

குர்ஷித் பேகம் ஒரு மாதம் சந்துக்குள்ளேயே நடந்து பார்த்தாள். பைக்கும் தண்ணீர்க் குடமும் போக, நடக்க இருந்தது எழுபது தப்படி. அந்தக் கோடியில் சாக்கடை, இந்தக் கோடியில் மக்கள் வாசல். ஒருநாள் வரைந்த கதவைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"தாழ்ப்பாள் கூட வரைஞ்சிருக்காங்க. நம்ம பக்கமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். பிறகு நடக்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் முந்நூற்றுப் பத்து. டாக்டர் ஊசி எழுதினார்.

போடுகிற பொறுப்பு நசீர் அகமதுக்கு. கண்ணாடிக் காம்பின் கடுகுத் திருகாணியைத் திருகிப் பழகிய கை; நடுங்காது. முதல் நாள் காலை மருந்தை ஏற்றி, விளக்குக்கு எதிரே பிடித்து அளவு பார்த்தார். குர்ஷித் பேகம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, புடவையை விலக்கினாள்.

"பாத்துப் போடுங்க. கையெழுத்து மாதிரி போட்டுடாதீங்க."