தலைகீழாய்த் தெரிந்த கப்பல்

பனையோலையை வட்டமாக நறுக்கி, நடுவில் பாக்களவு ஓட்டை போட்டு, குழலின் வாயில் செருகியதும்தான் கைருன் பீவிக்குத் தன் தூரக்கண்ணாடி முதல்முறையாகச் சொன்னபடி கேட்டது. எட்டு மாதமாக அவள் அதில் பார்த்ததெல்லாம் கலங்கல்தான். நிலாவைப் பார்த்தால், ஓரமெல்லாம் மஞ்சளும் நீலமும் வழிய, தண்ணீரில் ஊறிய சோற்றுருண்டை மாதிரி இருக்கும். வெளிச்சத்தைக் குறைத்தால் தெளிவு கூடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கையால் பாதி வாயைப் பொத்தியபடி ஒருநாள் தற்செயலாகப் பார்த்தபோது அவளே கண்டுகொண்டது.

பெரிய கண்ணாடி, ஒல்லாந்துக்காரர்களின் கோட்டையில் இறந்துபோன ஓர் எழுத்தரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு பாதி. ஏலத்தில் பழந்துணி மூட்டையோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது. கண் வைத்துப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அவளே தேய்த்தாள். உடைந்த பளிங்குக் கிண்ணத்தின் அடித்துண்டை எண்ணெய்க் கரண்டியின் குழிவில் வைத்து, சாணைக்கு உதவும் குருந்தக்கல் பொடியும் தண்ணீரும் விட்டு, விரல்நுனி மரத்துப்போகும் வரை அரைத்தாள். பொடியைத் தண்ணீரில் கலக்கி, கனமானது அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை வடித்து, அதில் படிந்த மாவால் மறுபடி அரைத்தாள். கடைசியில் மெழுகில் காவி தடவி மெருகேற்றினாள். குழல், மூங்கிலில் காகிதம் சுற்றி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி உருவியது. மூன்று முழ நீளம்.

எல்லாம் ஒரே ஒரு பேச்சால் வந்த வினை. வியாழனைச் சுற்றி நான்கு குட்டி நட்சத்திரங்கள் ஓடுவதாகக் கப்பல் மாலுமி ஒருவன் கதை விட்டான் என்று துணி வியாபாரியான அவள் கணவர் அப்துல் ஹை சாப்பாட்டின்போது சொல்லிச் சிரித்தார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்ட பெரிய வீடு அது. கைருன் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். வியாழன் இப்போது முன்னிரவிலேயே கிழக்கே எழுந்துவிடுகிறது. இன்று பொழுது சாய்ந்ததும் பார்த்துவிட வேண்டும். அதற்கு முன், பகல் வெளிச்சத்தில் தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்த்துக் குழலின் நீளத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று, நடுப்பகல் லுஹர் தொழுகை முடித்து மொட்டைமாடிக்கு ஏறினாள். கைப்பிடிச் சுவரில் மணல்பையை வைத்து, அதன்மேல் குழலைக் கிடத்தி, மணல்திட்டுக்கு அப்பால் மூன்று நாளாக நங்கூரமிட்டு நின்ற கப்பலின் பக்கம் திருப்பினாள்.

கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். மேலே கடல், கீழே வானம், வானத்துக்குள் தொங்கும் பாய்மரங்கள். அது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. குழலுக்குள் செருகியிருந்த உட்குழலை நூலளவு இழுத்தாள். கயிறுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன. "யா அல்லா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பிறகு கப்பலின் மேல்தளம் வந்தது. தளத்தில் ஆட்களை வரிசையாக உட்கார வைத்து யாரோ வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சத்தில் தம்மைத் தாமே அடிமையாக விற்றுக்கொண்டவர்களைக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. தெரிந்த செய்தி வேறு, முதுகுகளைப் பார்ப்பது வேறு. கண்ணை எடுத்துவிட நினைத்தாள். அப்போதுதான் வரிசையில் ஒருவன் தண்ணீருக்காகத் திரும்பினான். இடது தோளிலிருந்து முதுகின் பாதிவரை வெள்ளையாகப் படர்ந்த தழும்பு, வெயிலில் பளிச்சென்றது.

அந்தத் தழும்பு அவளுக்குத் தெரியும். தை மாதம் மாட்டுக்கொட்டகைக்குக் கீற்று வேய வந்த தேசப்பனின் முதுகு அது. தோணியின் விரிசல் அடைக்கும் கீலைக் காய்ச்சும்போது கொட்டியது என்று சொன்னான். ஒன்பது நாளுக்கு முன் ஏரியில் அவன் தோணி கவிழ்ந்து கிடந்தது. செத்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அவன் மனைவி இருசம்மாள் மட்டும் ஒப்பவில்லை. காலையிலிருந்து துறையில் உட்கார்ந்திருப்பாள். இந்த நேரத்துக்குக் கைருன் வீட்டுக் கொல்லைவாசலுக்குக் கஞ்சிக்கு வருவாள்.

கைருன் ஓடிவந்து கணவரை எழுப்பினாள். அப்துல் ஹை மாடிக்கு வந்து, முழங்கால் போட்டு, வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"அவன்தான்" என்றார். உடனே குரலைத் தாழ்த்தினார். "இத கழட்டி பொட்டில வை. நீ ஒண்ணும் பாக்கல."

"இன்னாங்க சொல்றீங்க?"

"ஆள் புடிச்சி விக்கிறவன் யாருன்னு தெரியாதா உனக்கு? தரகு பண்றானே, அந்த சம்பந்தம்தான். நம்ம தறிக்காரன் எல்லாம் அவன் பேச்சுக்குத்தான் நெய்யிறான். அதுவும் போவட்டும். கப்பல பாக்குற கண்ணாடி உங்க வூட்ல எதுக்குன்னு கோட்டையில கேட்டா இன்னா சொல்லுவ? இங்கிலீஸ்காரனுக்கு வேவு பாக்குறோம்னு கட்டிவெச்சி அடிப்பான் கைருன்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கொல்லையில் தகரக் குவளை தட்டும் ஓசை கேட்டது.

கைருன் குவளையைப் பார்க்காமல் கஞ்சியை ஊற்றியதில் பாதி தரையில் சிந்தியது. இருசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது நாளில் அவள் கழுத்தெலும்பு வெளியே வந்திருந்தது. "இன்னா பீவிம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று அவள்தான் கேட்டாள். இருட்டினால் கரையிலிருந்து கடலை நோக்கிக் கரைக்காற்று எழும். கரைக்காற்று எழுந்தால் கப்பல் பாய் விரிக்கும். நாளைக்கும் இதே நேரத்துக்கு இவள் வருவாள், நாளை மறுநாளும் வருவாள், நான் ஊற்றிக்கொண்டிருப்பேன் என்று கைருன் நினைத்தாள். குவளையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மேல வா."

இருசம்மாள் அந்த வீட்டில் கொல்லைவாசலைத் தாண்டியதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பயந்து பயந்து ஏறினாள். கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் சுவரைப் பார்த்தாள். "எல்லாம் தலைகீழா கீது பீவிம்மா" என்றாள். கைருன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. குழலிலிருந்து முகத்தை எடுத்தபோது அவள் அழவில்லை.

"மெலிஞ்சி பூட்ச்சி அந்த ஆளு" என்றாள்.

கைருன் குழலைப் போர்வையில் சுற்றினாள். படியிறங்கி, வெள்ளைத்துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தெருவாசலுக்கு வந்தாள். கல்யாணமாகி வந்தபின் அந்த வாசல் வழியாக அவள் நடந்து போனது விரல்விட்டு எண்ணும் தடவைகள்தான். அப்துல் ஹை நிலையில் கைவைத்து மறித்து நின்றார். அவள் நின்றாள். கடைசியில் அவர் கையை எடுத்து, ஆணியில் தொங்கிய தலைப்பாகையை எடுத்துச் சுற்றிக்கொண்டு, பத்தடி முன்னால் நடக்கத் தொடங்கினார். பின்னால் வந்த கைருனையும் இருசம்மாளையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் முகத்துக்காகத்தான் கோட்டைவாசல் திறந்தது. அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி பக்கத்தில் நின்றான். அப்துல் ஹை சலாம் வைத்து, தோளில் தழும்புள்ள ஓர் ஆள் கப்பலில் தவறாக ஏறிவிட்டதாகவும், கட்டுமரக்காரன் ஒருவன் கண்டு சொன்னதாகவும் சொன்னார்.

"எந்தக் கட்டுமரக்காரன்? பேர் என்னன்னு கேக்கறார்" என்றான் துபாஷி.

அப்துல் ஹையின் உதடு அசைந்தது. பேர் வரவில்லை. கைருன் முன்னால் வந்து, போர்வையைப் பிரித்து, குழலை மேசைமேல் வைத்தாள்.

"கட்டுமரக்காரன் இல்ல. நான் பாத்தேன். இதுல."

அதிகாரி குழலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓலை வில்லையை நகத்தால் தட்டினார். யார் செய்தது என்று கேட்டார். நான் என்றாள். துபாஷி அதைச் சொல்லத் தயங்கி, மறுபடி கேட்டான். நான்தான் என்றாள். எதற்கு என்று கேட்டார். வியாழனைப் பார்க்க என்றாள். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. குழலோடு எழுந்து கோட்டைச் சுவர்மேல் இருந்த கொத்தளத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே துபாஷியிடம் கத்திக் கேட்டார். எந்தத் தோள்?

"இடது தோளு. கீல் கொட்டுன தழும்பு" என்றாள் இருசம்மாள்.

கப்பலில் ஏற்றியவர்களின் பட்டியல் வந்தது. தழும்புள்ள ஆள் என்று அதில் ஒரே ஒருவன்தான். முனியன், ஊர் கிடையாது, உறவு கிடையாது, சம்மதித்துத் தன்னை விற்றுக்கொண்டவன் என்று துபாஷி படித்தான். கீழே சாட்சியாகத் தரகன் சம்பந்தத்தின் கீறல்.

"உன் புருஷன் பேரச் சொல்லு."

இருசம்மாள் வாயைத் திறந்து மூடினாள். பதினாறு வருஷத்தில் அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ஊர்ச்சண்டையிலும் "எங்க வூட்டு ஆளு"தான். துபாஷி பொறுமையிழந்து காகிதத்தை மடிக்கப் போனான்.

"தேசப்பன்" என்றாள். குரல் உடைந்தது. பிறகு கூரை அதிரக் கத்தினாள். "தேசப்பன்! ஊரு தோணிரேவு! அவுரு நைனா பேரு வீராசாமி! ஊரு கீது, ஒறவு கீது!"

அதிகாரி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மை காய மணல் தூவினார். உறவு வந்து கேட்கும் ஆளை மட்டும் இறக்கலாம், மற்றவர்களுக்குக் காகிதம் சரியாக இருக்கிறது என்று துபாஷி சொன்னான். பிறகு அதிகாரி குழலை எடுத்துத் தன் பின்னால் இருந்த அலமாரியில் வைத்தார். கடலைப் பார்க்கும் கண்ணாடி கோட்டைக்கு வெளியே இருக்கக்கூடாது. இன்னொன்று செய்தால் அப்துல் ஹையின் வியாபாரச் சீட்டு கிழியும் என்றார், துபாஷி வழியாக. கைருன் தலையசைத்தாள். அலமாரியின் கதவு மூடும் வரை அதையே பார்த்தாள். வாசலுக்கு வந்தபின்தான், வலது கட்டைவிரலில் காய்த்துப்போயிருந்த தோலைத் தான் இடைவிடாமல் தடவிக்கொண்டிருப்பதை உணர்ந்தாள்.

காகிதத்தோடு கோட்டைப் படகு கப்பலுக்குப் போனபோது வெயில் சாய்ந்துவிட்டது. முகத்துவாரத்து மணல்மேட்டில் மூவரும் நின்றார்கள். அப்துல் ஹை கொஞ்சம் தள்ளி, யாருடனும் சேராதவர் மாதிரி நின்றார். படகு கப்பலின் நிழலுக்குள் போனது. வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அலைகளுக்கு நடுவே கறுப்புத் தலைகள் மேலும் கீழும் போயின. போகும்போது படகில் ஏழு பேர். வெறுங்கண்ணால் எண்ண எண்ண அவளுக்கு ஏழும் எட்டுமாக மாறி மாறி வந்தது. "எட்டு" என்றார் அப்துல் ஹை திடீரென்று. "எட்டுதான் கைருன், எட்டுதான்."

இருசம்மாள் மார்பளவு தண்ணீரில் போய், படகிலிருந்து இறங்கிய தேசப்பனைப் பிடித்தாள். அவன் கரைக்கு வர மறுத்தான். இடுப்பளவு அலையில், அவள் இழுக்க இழுக்க, கப்பலைப் பார்த்துத் திரும்பியே நின்றான். உதடு வெடித்திருந்தது. மறந்துவிடுவோமோ என்ற பயத்தில், கப்பலில் விட்டுவந்தவர்களின் பேரையும் ஊரையும் அவசர அவசரமாகச் சொன்னான்.

"அங்கமுத்து, காட்டுப்பள்ளி. குப்பம்மா, கைக்கொழந்தையோட. ராமன், மீஞ்சூரு, அவனுக்கு ஆயா மட்டுந்தான். பவுனம்மா..."

கைருன் முக்காடு நழுவுவதைக் கவனிக்காமல் தண்ணீருக்குள் இறங்கி, ஒவ்வொரு பெயரையும் அவனோடு சேர்ந்து முணுமுணுத்தாள். அப்துல் ஹை மேட்டிலிருந்து இறங்கி வந்து, "மொள்ளமா சொல்லுப்பா, மொள்ளமா" என்றார். முதுகுக்குப் பின்னாலிருந்து கரைக்காற்று லேசாகத் தொட்டது. அவன் எட்டாவது பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கப்பலில் முதல் பாய் விரிந்தது.