ஒன்றுக்கு முப்பத்தைந்து

“அதைக் கீழ வைங்க டாக்டர். அது எங்கயும் போகாது.”

பல்டாக்டரின் கைகள் அந்தரத்தில் நின்றன. ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் லாரி, பாதி பச்சையும் பாதி சாம்பலுமாக, அவர் உள்ளங்கைகளுக்கு நடுவே இருந்தது. அதை வைக்கப் பஞ்சு பரப்பிய பெட்டியையும் அவரே கொண்டு வந்திருந்தார்.

இந்த வீட்டில் யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடலாம், பல்டாக்டரிடம் மட்டும் வாய்விட்டு எதையும் கேட்டுவிடக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். காலையில் அப்பாவைக் கட்டிலில் கிடத்திய கையோடு, மூக்கைச் சிந்திக்கொண்டே அதை இன்னொரு தடவை சொல்லியிருந்தாள். “டாக்டர் வருவாரு. மேசைமேல இருக்கறத எடுத்துட்டுப் போவாரு. அது அவங்க சங்கத்து வழக்கம். குடுன்னு கிடுன்னு நீ குறுக்க நிக்காத.”

வழக்கம் மகளுக்கும் தெரியும். பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்களின் சங்கத்தில் ஒருவர் போய்விட்டால், அவர் மேசையில் அரைகுறையாக நிற்பதை மற்றவர்கள் எடுத்துப்போய் முடிப்பார்கள். வருடாந்தரக் கண்காட்சியில் அவர் பெயரெழுதி, ஓரத்தில் கறுப்பு நாடா ஒட்டி வைப்பார்கள். சங்கத்தில் வங்கி மேலாளர் உண்டு, ஒப்பந்தக்காரர் உண்டு, ஓய்வுபெற்ற விமானி உண்டு. தலைவர் பல்டாக்டர். நகரசபைக் குப்பை லாரியில் வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் இப்போது முன்னறையில் கழுத்துவரை போர்த்திய துணிக்குள் கிடந்தார். துணிக்கு மேலேயும் அவருடைய இடது தோள் இறங்கியே தெரிந்தது. லாரியில் தூக்கு இயந்திரம் வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் கூடை சுமந்த தோள் அது. எந்தத் தையல்காரர் தைத்தாலும் சட்டை அந்தப் பக்கம் சரியும். படுத்தும் சமமாகவில்லை.

“என்னம்மா சொன்ன?” என்றார் டாக்டர். கோபமில்லை, காதில் விழாதவர் போலத்தான் கேட்டார்.

“கீழ வைக்கச் சொன்னேன்.”

“யார்கிட்ட என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா?” கதவோரம் நின்ற அத்தை பாய்ந்தாள். அப்பாவின் தங்கை. வந்ததிலிருந்து கையில் துடைப்பத்தோடு இந்த அறையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க நாலு பேர் வருகிற வீடு இப்படியா கிடக்கும் என்பது அவள் கவலை. காலையில் ஒரு மூலையை அவள் பெருக்கி முடித்தபிறகுதான் அம்மாவே கவனித்து, முறத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

இந்த அறையை அப்பா பெருக்க விட்டதில்லை. பெருக்குவதற்கு முன்னால் டார்ச் அடித்துத் தரையெல்லாம் தேடுவார். கீழே விழுந்த பாகம் கடுகளவாக இருந்தாலும் கண்டெடுத்த பிறகுதான் துடைப்பத்துக்கு அனுமதி. “ஊருல இருக்கற குப்பையெல்லாம் அள்றாரு, சொந்த வீட்டுக் குப்பையத் தொட விட மாட்டேங்கறாரு” என்று அம்மா பக்கத்து வீடு வரைக்கும் கேட்கச் சொல்லுவாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் அப்பா ஆறு மணிக்கே மேசையில் உட்கார்ந்துவிடுவார். மகள் எழுந்தது பசை வாசனையில்தான். முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. ஒரு சொட்டு எடுத்ததும் குப்பியை மூடிவிடுகிற மனிதர் அவர். வாசனை படுக்கைவரை வருகிறதென்றால் குப்பி திறந்து கிடக்கிறது. எழுந்து ஓடினாள். அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், இடுக்கியை விடாமல். அவரைத் தொடுவதற்கு முன்னால் அவள் குப்பியை மூடினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று இப்போதும் விளங்கவில்லை.

அம்மா உள்ளே வந்தாள். நிலைமையைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. “மன்னிச்சுடுங்க டாக்டர். விடிஞ்சதுலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல அவ.”

“நான் சாப்பிடாததுக்கும் இதுக்கும் என்னம்மா?”

“வாய மூடு. யாரு போட்ட கையெழுத்துல படிச்ச?”

அதுதான் விஷயம். கல்லூரி விடுதியில் சேர, சமூகத்தில் மதிப்புள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். முப்பத்தொரு வருடம் ஊரைச் சுத்தம் செய்த அப்பாவின் கையெழுத்துக்கு அந்த மதிப்பு இல்லை. டாக்டர் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுக்கொடுத்தார். இந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அந்த ஒரு கையெழுத்துக்காக ஆறு வருடமாக வீடே கைகட்டி நிற்கிறது என்பது அவள் கணிப்பு.

டாக்டர் லாரியை மேசையில் வைத்தார். ஆனால் பெட்டியை மூடவில்லை.

“உனக்கு வருத்தம் இருக்கும், புரியுது. நான் என்ன நினைச்சு வந்தேன்னு கேளு. ஒம்பது வருஷமா உங்கப்பா ஒரு பரிசுகூட வாங்கல. அவர் கட்டறதுக்குப் பிரிவே கிடையாது. ‘மற்றவை’ன்னு ஒரு மேசை, கழிவறைப் பக்கத்துல. யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஆனா கைன்னா அவர் கைதான்மா. இந்த அடிச்சட்டத்தைப் பாரு, எங்க ஒட்டியிருக்குன்னு என்னாலயே கண்டுபிடிக்க முடியல.” அவர் குரலில் பொய்யில்லை. “மேல இருக்கற குப்பைத் தொட்டிய மட்டும் கழட்டிட்டு, வாங்கின பெட்டியில படம் இருக்கற மாதிரியே ராணுவ வண்டியா முடிச்சுட்டா, பெரிய பிரிவுல வைக்கலாம். முதல் பரிசு நிச்சயம். அவர் பேர்ல.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முதல் பரிசு என்ற சொல் அந்தக் கண்களில் என்ன செய்தது என்பதை மகள் கவனித்தாள். அவளுக்கும் ஒரு நொடி நெஞ்சு தடுமாறத்தான் செய்தது. நடுமேசை, விளக்கு, அப்பாவின் பெயர். சிரித்தவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து குனிந்து பார்ப்பார்கள்.

சிரித்தார்கள்தான். அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, முதல் கூட்டத்துக்கு அப்பா அவளையும் கூட்டிப்போனார். புதிதாகச் சேருகிறவரிடம் சங்கத்தில் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். என்ன தீம்? என்ன ஸ்கேல்? அதாவது, எதைக் கட்டப்போகிறாய், எவ்வளவு சுருக்கிக் கட்டப்போகிறாய். விமானக்காரர்கள் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, போர்க்கப்பல்காரர்கள் எழுநூறில் ஒரு பங்கு, கார்க்காரர்கள் இருபத்துநாலில். அப்பா ஒரு மாதம் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டுத்தான் பதிலோடு வந்திருந்தார்.

“எழுநூறுல ஆளு தூசி சார். எழுபத்திரண்டுல எறும்பு. இருபத்துநாலுல வண்டி கெடைக்குது, ஆளு கெடைக்கல. ஒண்ணுக்கு முப்பத்தஞ்சுலதான் ஆளுங்க விதவிதமா வராங்க, சுண்டுவிரல் உயரத்துக்கு. மூஞ்சி வரையலாம். நான் அதையே எடுத்துக்கறேன். குப்பை லாரி கட்டப்போறேன்.”

“அது ராணுவ அளவுங்க. அதுல வர்ற ஆளுங்க எல்லாம் சிப்பாய்ங்க” என்றார் டாக்டர்.

“துப்பாக்கியப் புடுங்கிட்டா அவங்களும் வேலையாளுங்கதான சார்.”

அறை மொத்தமும் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். திரும்பி வரும்போது அவள் பொருமினாள். “உன்னப் பாத்துதான்ப்பா சிரிச்சாங்க.”

“சிரிக்கட்டுமே. பல்ல வெளிய காட்டினாத்தான டாக்டருக்குப் பொழப்பு.”

சொன்னதைச் செய்தார். கடையில் குப்பை லாரி விற்பதில்லை. ராணுவ லாரி வாங்கி, கூரைமேல் இருக்கும் இயந்திரத் துப்பாக்கியை வெட்டி எடுத்துவிட்டு, பேனாக் குழாயிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் குப்பை அழுத்தும் தொட்டியைக் கட்டினார். கையெறி குண்டு வீசுகிற சிப்பாய் மூட்டையைத் தூக்கிப் போடுகிறவன் ஆனான். சுடுவதற்கு மண்டியிட்டவன் சாக்கடை மூடியைத் திறந்தான். துப்பாக்கியைப் பிடிக்கிற பிடியும் துடைப்பத்தைப் பிடிக்கிற பிடியும் ஒன்றுதான் என்பதை இந்த உலகத்திலேயே அப்பா ஒருவர்தான் கண்டுபிடித்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். பிளாஸ்டிக் துண்டை மெழுகுவத்தியில் காட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். நூலாக வரும். அதை நறுக்கித் துடைப்பத்துக்கு ஈர்க்கு வைப்பார். முதல் லாரியின் ஏறுபடியை நான்கு தடவை பிய்த்து ஒட்டினார். “நல்லாத்தான இருக்கு, விடேன்” என்றாள் அவள். “படி கோணலா இருந்தா இவன் எப்படி ஏறுவான்?” என்று பிளாஸ்டிக் ஆளைக் காட்டினார்.

வருடத்துக்கு ஒன்று. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஏறிய லாரிகள், அதனதன் ஆட்களோடு. அலமாரியில் ஒன்பது நின்றன. மேசையில் இருந்தது பத்தாவது. இப்போது ஓடுகிற வண்டி.

“இதோ, துப்பாக்கிக்குக்கூடக் கஷ்டமில்ல.” டாக்டர் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தார். “அவர் வெட்டினதையெல்லாம் எங்கிட்டதான் குடுப்பாரு. ஒண்ணையும் தூக்கிப்போடல நான்.” டப்பா நிறையக் குட்டிக் குட்டித் துப்பாக்கிகள், ஒன்பது வருடத்தவை. அவற்றைக் கிளறியபடியே லாரிக்குப் பக்கத்தில் நின்ற மூன்று ஆட்களைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இரண்டு பேருக்கு வண்ணம் தீட்டி முடிந்திருந்தது. மூன்றாவது ஆள் சாம்பலாகவே நின்றான். முகமும் வரையவில்லை, கையிலும் ஒன்றுமில்லை.

“இந்த மூணாவது ஆள்ல மட்டும் கொஞ்சம் தப்பு பண்ணிட்டார் பாவம். இடது தோளை ரொம்பத் தேய்ச்சுட்டார். கண்ணு சரியாத் தெரியலையோ என்னவோ. பள்ளம் அடைக்கற மாவு பூசி நான் நிமித்திடறேன்.”

அத்தையின் கையில் துடைப்பம் அசையாமல் நின்றது.

அவள் அந்தச் சாம்பல் ஆளைப் பார்த்தாள். ஒன்பது லாரியிலும் அப்பா தன்னை வைத்ததில்லை. கேட்டால், கட்டுகிறவன் வெளியேதான் நிற்கணும் என்பார்.

“டாக்டர்,” என்றாள். குரல் அவளே எதிர்பார்க்காத அளவுக்குத் தணிந்து வந்தது. “முன்ரூமுக்குப் போய் எங்கப்பாவ ஒரு தடவை பாத்துட்டு வாங்க.”

“வந்ததுமே பாத்தேனேம்மா.”

“இன்னொரு தடவை.”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் போனார். முன்னறையில் நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ வழி விட்டார்கள். திரும்பி வந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். துப்பாக்கி டப்பாவை மூடிப் பைக்குள் போட்டார்.

“குப்பை வண்டியாவே முடிச்சுத் தரேன்,” என்றார் மெதுவாக. “தோளைத் தொட மாட்டேன். எங்கிட்ட குடு. உனக்கு ஒட்டத் தெரியாது.”

“தெரியாதுதான்.”

“கறை ஆயிடும்மா. ஒரு சொட்டு கூடிப்போனாலே பிளாஸ்டிக் கரைஞ்சுடும்.”

“நீங்க எனக்குக் கையெழுத்துப் போட்டதை நான் மறக்கல டாக்டர். அதுக்கு வேற எது வேணும்னாலும் கேளுங்க.”

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. இறுதி ஊர்தி வந்துவிட்டது. அதன் பின்னால் இன்னொரு கனத்த சத்தம். ஞாயிறு முறைவேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, கழுவின ஈரத்தோடு, பணிமனை ஆட்கள் லாரியிலேயே வந்திருந்தார்கள். ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஹாரன் என்று அவருக்குப் பெயர், ஹாரனே அடிக்காதவர் என்பதால் அப்பா வைத்தது.

“டிகிரி,” என்றார் அவளைப் பார்த்து. பணிமனையில் அவளுக்கு அந்தப் பெயர்தான். மேசையைக் கண்டதும் அவர் கண்கள் அந்த மூன்று பேர்மேல் நின்றன. “என் தொப்பையக் கூட விடலியே படுபாவி,” என்றார், முதல் ஆளை ஒரு விரலால் தொடாமல் தொட்டு. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “இந்தத் தடவை நானும் வண்டில ஏறிக்கறேன்டான்னான்.”

அப்பாவைத் தூக்கினார்கள். இடது பக்கம் ஹாரன் தோள் கொடுத்தார். ஊர்தியில் அம்மாவும் அத்தையும் ஏறுவதாகவும், அவள் டாக்டருடைய காரில் வருவதாகவும் ஏற்பாடு. டாக்டர் காருக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் அறையில் தனியாக நின்றாள். பஞ்சுப் பெட்டியை டாக்டர் விட்டுவிட்டுப் போயிருந்தார். லாரியை அதில் வைத்தாள். மூன்று ஆட்களைத் தனியாகக் கைக்குட்டையில் சுற்றி ஓரத்தில் வைத்தாள். பசைக் குப்பியை எடுத்து, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, அதையும் வைத்தாள்.

திரும்பினால் கதவில் அம்மா. திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, மடித்த காகிதத்துண்டு ஒன்றை வைத்தாள். பிரித்தால் நகத்தளவு சாம்பல் நிறப் பட்டை, இரண்டு முனையும் அரம் போட்டு மழுக்கியிருந்தது.

“உங்கத்தை பெருக்கினதுல கெடந்துது. குப்பைன்னு போட மனசு வரல,” என்றாள் அம்மா. “எதோடதுன்னு உனக்குத் தெரியுதா?”

“தெரியலம்மா.”

“பாத்து வை.”

அம்மா ஊர்திப் பக்கம் போனாள். அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். டாக்டர் கார்க்கதவைப் பிடித்தபடி நின்றார். அவருக்குத் தலையசைத்துவிட்டு அவள் தாண்டிப் போனாள். லாரி இயந்திரம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஹாரன் உள்ளேயிருந்து கதவைத் தள்ளித் திறந்து, பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை எங்கே வைப்பது என்று குனிந்து பார்த்தாள்.

மூன்று படிகள். பெட்டிக்குள் இருந்த லாரியில் இரண்டுதான் ஒட்டியிருந்தது. இந்த வண்டியின் மூன்றாவது படி நடுவில் தேய்ந்து பளபளத்தது. அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று முழங்காலோடு வைத்துப் பார்த்துக்கொண்டு, அவள் ஏறினாள்.