இரண்டாவது பிஸ்கட்

ஃபெம்காவின் வீட்டைத் தலையில் சுமந்து நின்றவர்கள் கபௌட்டர்கள். முழங்கால் உயரமும் சிவப்புத் தொப்பியுமாக மண்ணுக்கடியில் வாழும் குள்ளர்கள். ஃபிரீஸ்லாந்தின் அந்தச் சேற்றுப் பூமியில் மற்ற வீடுகள் மரத்தூண்கள்மேல் நின்று வருஷா வருஷம் சாய்ந்துகொண்டிருக்க, தன் வீட்டுத் தரையில் வைத்த முட்டைகூட உருளாது என்று அவள் பால்கடையிலும் தேவாலய வாசலிலும் பீற்றிக்கொள்வாள். முதல் புருஷன் இருந்தவரை, நடையிலுள்ள தரைக்கதவைத் திறந்து அவர்களுக்கு வெண்ணெய் மிதக்கும் கஞ்சியை இறக்கிவைப்பார்கள். காலையில் கிண்ணம் கழுவித் திரும்பி வந்திருக்கும்.

இரண்டாவது புருஷன் டௌவெ, கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குபவன், நெட்டை. “கபௌட்டராவது கத்தரிக்காயாவது! எலிக்குச் சோறு போட்டு வளக்கறே” என்று கஞ்சியை நிறுத்தினான். அவள் நச்சரிப்பு தாங்காமல் கீழே இருந்தவர்களை ஊர் முறைப்படி உபசரித்தான்: காப்பியோடு ஒரே ஒரு பிஸ்கட், கையோடு டப்பாவை ‘டப்’பென்று மூடுவது. அந்த ஊரில் ராஜாவே வந்தாலும் அவ்வளவுதான். ஆனால் மூடிய சத்தம் கீழே கேட்டிருக்கிறது.

வீடு இறங்கத் தொடங்கியது. இலையுதிர் காலத்தில் கால்வாய் ஜன்னலுக்கு வந்தது. பனிக்காலத்தில் விலாங்குகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தன. திரை போட்டால் மறைக்க ஏதோ இருக்கிறதென்று ஊர் பேசுமே, ஆகவே போடவில்லை. பக்கத்து வீட்டு ஹில்த்யா புகைக்கூண்டு வழியாகக் கத்தினாள்: “ஏய் ஃபெம்கா, எங்க வாத்து உங்க கூரைமேல நடந்து போகுது, வெரட்டி விடேன்!”

“கொஞ்சம் வெண்ணெய் வச்சாக் கொறஞ்சா போயிடுவே? இந்த வீடும் போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?” என்றாள் ஃபெம்கா டௌவெயிடம்.

“தூண் உளுத்துப்போச்சு, அவ்வளவுதான். நானே எறங்கிப் பாக்கறேன்.”

டார்ச் விளக்கோடு டௌவெ இறங்கினான். அவன் தலை மறைந்ததும் தரைக்கதவு தானாக மூடிக்கொண்டது, ‘டப்.’ பிஸ்கட் டப்பாவின் அதே சத்தம். உள்ளங்கை உரியும்வரை ஃபெம்கா கதவின் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். அப்போது அலமாரிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. வீடு மெல்ல எழுந்து, பழைய உயரத்தில் நின்றது. சமையலறை மூலை மட்டும் சற்றே மேடு. அங்கே முட்டை வைத்தால் உருள்கிறது.

பாலத்துக்கு வேறு ஆள் போட்டார்கள். கஞ்சி வேளையில் மட்டும் தரைக்கதவு ஒரு கிண்ணம் நுழையும் அளவுக்குத் திறக்கும். வசந்தத்தில் ஒருநாள், அந்த இடுக்கிலிருந்து மூச்சு வாங்கும் குரல் வந்தது.

“ஃபெம்கா, நீ சொன்னதெல்லாம் நெசந்தான். இவங்கதான் தூக்கிட்டு நிக்கறாங்க. இப்ப நானும். வெண்ணெயத் தாராளமாப் போடு. பிஸ்கட்டுன்னா ரெண்டா வை. அந்த டப்பாவ மட்டும் மூடிடாதே.”